நாற்காலி விலை 50 லட்சம் டாலர்!

2010 செப்டம்பர் 24. அமெரிக்காவின் புகழ்பெற்ற ஓப்ரா வின்ஃப்ரே டிவி நிகழ்ச்சியில் மூன்று விருந்தினர்கள். ஒருவர், ஃபேஸ்புக்கைத் தொடங்கிய மார்க் ஜுக்கர்பெர்க். அப்போது அவருக்கு வயது 26. இன்னொருவர், நியூ ஜெர்ஸி மாநில கவர்னர் கிறிஸ் கிறிஸ்டி. மூன்றாமவர், அந்த மாநிலத்தின் மிகப்பெரிய நகரமான நெவார்க்கின் மேயர் கோரி புக்கர். (அங்கே கவர்னர் என்றால் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர். நம்மூர் முதலமைச்சர் மாதிரி.) கவர்னர் ஒரு கட்சி, மேயர் எதிர்க்கட்சி. இருவரையும் ஒரே மேடையில் உட்கார வைத்தது ஒரு நன்கொடை.

நெவார்க் பள்ளிகளை மேம்படுத்த 10 கோடி டாலர் தருவதாக அறிவித்தார் ஜுக்கர்பெர்க். அன்றைய மதிப்பில் சுமார் 450 கோடி ரூபாய். அரங்கமே கைதட்டியது.

நெவார்க்கில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோர்களுக்கும் ஊடகங்கள் வழியாகத்தான் இந்தச் செய்தி தெரியவந்தது. பின்னால் வந்த சிக்கல்கள் எல்லாவற்றுக்கும் முதல் புள்ளி இதுதான். ஜுக்கர்பெர்க்கைக் கதாநாயகனாகக் காட்டாத 'தி சோஷியல் நெட்வொர்க்' படம் ஒரு வாரத்தில் தியேட்டருக்கு வரவிருந்தது. 'பேரைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் இந்தத் தானமா?' என்று அப்போதே சிலர் கேட்டார்கள். அது இருக்கட்டும். பணம் நிஜம். தேவையும் நிஜம்.

நியூயார்க்குக்குப் பக்கத்திலேயே இருந்தாலும் நெவார்க் ஏழை நகரம். 2010 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 2.77 லட்சம். பள்ளிகள் படுமோசம், நிர்வாகத்தில் ஊழல் என்று சொல்லி 1995-ல் மாநில அரசே பள்ளிகளைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டது. ஊர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் பள்ளி போர்டு பெயருக்கு இருந்தது. ஆலோசனை சொல்லலாம், அவ்வளவுதான். பள்ளிகளின் தலைமை அதிகாரியான சூப்பரின்டென்டென்ட்டை நியமிப்பது மாநில அரசு. ஆக, 15 வருடங்களாகத் தங்கள் பிள்ளைகளின் பள்ளியைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை அந்த ஊருக்கு இல்லை.

இந்த நிலையில்தான் புதிதாக ஒரு போர்டு முளைத்தது.

ஜுக்கர்பெர்க்கின் நன்கொடைக்கு ஒரு நிபந்தனை உண்டு. அவர் தருகிற 10 கோடி டாலருக்கு ஈடாக இன்னொரு 10 கோடியை வெளியிலிருந்து திரட்ட வேண்டும். அந்தப் பணத்தை வாங்கிச் செலவழிக்க 'ஃபவுண்டேஷன் ஃபார் நெவார்க்ஸ் ஃபியூச்சர்' என்ற லாப நோக்கற்ற அமைப்பு உருவானது. இப்படிப்பட்ட அமைப்புகளுக்கு முதலாளி கிடையாது. போர்டு உறுப்பினர்கள்தான் எல்லாம். தலைமை நிர்வாகியை வேலைக்கு எடுப்பதும் வேண்டாம் என்றால் அனுப்புவதும் அவர்கள்தான். பணம் எதற்குப் போக வேண்டும், எதற்குப் போகக் கூடாது என்று சொல்வதும் அவர்கள்தான். எல்லாவற்றுக்கும் மேல், நிர்வாகி ஒரு திட்டத்தோடு வந்து நிற்கும்போது குறுக்குக் கேள்வி கேட்பதுதான் அவர்களின் முக்கியமான வேலை.

சரி, இந்த போர்டில் உட்கார என்ன தகுதி வேண்டும்? குறைந்தது 50 லட்சம் டாலர் நன்கொடை! இந்திய மதிப்பில் 20 கோடி ரூபாய்க்கு மேல். கோயில் திருவிழாவில் அதிகம் நன்கொடை எழுதியவருக்குப் பரிவட்டம் கட்டுவது ஊர் வழக்கம்தான். ஆனால் தேர் எந்தத் தெரு வழியாகப் போக வேண்டும் என்பதை அவர் ஒருவரே முடிவு செய்வதில்லை. இங்கே அதுதான் நடந்தது.

ஜுக்கர்பெர்க்கின் பிரதிநிதியும் பெரிய நன்கொடையாளர்களின் ஆட்களும் போர்டில் உட்கார்ந்தார்கள். நெவார்க் ஆள் என்று சொல்ல அங்கே இருந்தவர் மேயர் புக்கர்தான். பல வருடங்களாக நெவார்க் பிள்ளைகளுக்காகச் செலவழித்துவந்த உள்ளூர் அறக்கட்டளைகளால் இவ்வளவு பெரிய தொகையை எடுத்து வைக்க முடியவில்லை. அதனால் அவர்களுக்கு நாற்காலி இல்லை. பெற்றோர், ஆசிரியர், பள்ளி முதல்வர் யாருக்கும் இல்லை. 'வாஷிங்டன் போஸ்ட்' முன்னாள் செய்தியாளர் டேல் ரசகாஃப் இந்தக் கதையை அருகிலிருந்து பார்த்து, 2015-ல் 'தி பிரைஸ்' என்ற புத்தகமாக எழுதினார். அதைப் படித்தவர்கள் மறக்காத விவரம் இந்த நாற்காலி விலைதான்.

ஊர்க்காரர்களிடம் கருத்துக் கேட்கவே இல்லையா என்றால், கேட்டார்கள். வீடு வீடாகப் போனார்கள், கூட்டங்கள் போட்டார்கள். அதற்கே 10 லட்சம் டாலருக்கு மேல் செலவானது. ஆனால் 2011 பிப்ரவரியில் ஒரு ஆலோசனை நிறுவனம் தயாரித்த திட்டம் உள்ளூர் நாளிதழில் கசிந்தது. சில பள்ளிகளை மூடுவது, சில பள்ளிக் கட்டடங்களில் 'சார்ட்டர்' பள்ளிகளுக்கு (அரசுப் பணத்தில் தனி நிர்வாகம் நடத்தும் பள்ளிகள்) இடம் கொடுப்பது என்று எல்லாம் அதில் இருந்தது. கருத்துச் சொன்ன மக்களுக்கு எப்படி இருந்திருக்கும்? கல்யாணத்துக்கு நாள் குறித்து, பத்திரிகையும் அடித்துவிட்டு, 'பெண்ணைப் பிடித்திருக்கிறதா?' என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் கேட்ட மாதிரி இருந்தது.

பணம் எங்கே போனது?

முதல் இரண்டு வருடங்களில் 2 கோடி டாலருக்கு மேல் ஆலோசனை நிறுவனங்களுக்குப் போனது. மக்கள் தொடர்பு, மனிதவளம், தகவல் அலசல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறுவனம். நாள் ஒன்றுக்கு 1,000 டாலர் என்பது அந்த ஆலோசகர்களின் சாதாரணக் கூலி. பள்ளிக்கு வரும் என்று நினைத்த பணம் பள்ளிக்கு வெளியிலேயே சுற்றுகிறதே என்ற ஆதங்கம் ஊரில் எழுந்தது.

அடுத்து, ஆசிரியர்கள். நன்றாகச் சொல்லிக் கொடுப்பவர்களுக்கு ஃபேஸ்புக் மாதிரி போனஸ் கொடுத்தால் பள்ளி மாறிவிடும் என்பது ஜுக்கர்பெர்க்கின் நம்பிக்கை. 2012 நவம்பரில் ஆசிரியர் சங்கத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. சிறந்த ஆசிரியருக்கு வருடத்துக்கு அதிகபட்சம் 12,500 டாலர் போனஸ். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், சங்கம் கையெழுத்துப் போடுவதற்காகப் பழைய சம்பள பாக்கியாகவே 3 கோடியே 10 லட்சம் டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. போனஸுக்குப் போனதைவிட பாக்கிக்குப் போனது அதிகம்.

அதோடு முடியவில்லை. ஆட்குறைப்பு என்று வந்தால் கடைசியாகச் சேர்ந்தவரைத்தான் முதலில் அனுப்ப வேண்டும் என்பது நியூ ஜெர்ஸி சட்டம். திட்டம் போட்டவர்களின் கணக்கு இந்தச் சட்டம் மாறும் என்பது. 2012-ல் மாநிலச் சட்டமன்றம் ஆசிரியர் பணிப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தியது. ஆனால் இந்த விதியை மட்டும் தொடவில்லை. நல்ல இளம் ஆசிரியர்களை இழக்க மனமில்லாமல், வகுப்பே இல்லாத ஆசிரியர்களுக்கும் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தது நிர்வாகம். எத்தனை கோடி நன்கொடை இருந்தாலும் சட்டமன்றத்தில் ஓட்டு இல்லை. ஆசிரியர் அறையில் பத்து வருடம் உட்கார்ந்த ஒருவர் போர்டில் இருந்திருந்தால் இதை முதல் கூட்டத்திலேயே சொல்லியிருப்பார்.

சார்ட்டர் பள்ளிகளுக்கும் பெரிய தொகை போனது. அவற்றில் சில உண்மையிலேயே நன்றாக நடந்தன. பெற்றோர்கள் வரிசையில் நின்று இடம் கேட்டார்கள். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எந்த பஸ்ஸில் போவது?

2013 டிசம்பரில் 'ஒன் நெவார்க்' என்ற திட்டம் வந்தது. அதைக் கொண்டுவந்தவர், 2011-ல் பொறுப்பேற்ற சூப்பரின்டென்டென்ட் கேமி ஆண்டர்சன். இனிமேல் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளி என்பது தானாகக் கிடைக்காது. நகரம் முழுவதற்கும் ஒரே விண்ணப்பம். பெற்றோர் விருப்பப் பள்ளிகளை வரிசைப்படுத்த வேண்டும், கம்ப்யூட்டர் இடம் ஒதுக்கும். சில பள்ளிகள் மூடப்படும், சில கைமாறும். காகிதத்தில் பார்த்தால் நியாயமான திட்டம்தான். ஏழைத் தெருவில் பிறந்த பிள்ளை ஏழைப் பள்ளியிலேயே கிடக்க வேண்டியதில்லை அல்லவா?

ஆனால் வீட்டில் கார் இல்லாத ஒரு அம்மாவுக்கு இந்தத் திட்டம் வேறு மாதிரி தெரிந்தது. மூத்தவனுக்கு ஊரின் ஒரு மூலையில் பள்ளி, சின்னவளுக்கு இன்னொரு மூலையில். காலை வேலைக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவது? எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளிப் பேருந்து கிடையாது. நெவார்க்கில் சில தெருக்கள் ரவுடிக் கும்பல்களின் எல்லைகள். தினமும் நடந்து பழகிய தெருவில் பிள்ளையைத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். புதிய தெருவில் யார் இருக்கிறார்கள்? இந்தக் கேள்விகள் எதுவும் பெரிய கல்வித் தத்துவம் இல்லை. ஒரு பாட்டியோ, பள்ளி வாசலில் நிற்கும் காவலாளியோ கேட்கும் கேள்விகள். 50 லட்சம் டாலர் கொடுத்தவர்கள் வீட்டில் இந்தப் பிரச்னை இருப்பதில்லை. அதனால் அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்லிவிட முடியாது. அவர்களுக்குத் தெரியாது, தெரிந்தவர் பக்கத்து நாற்காலியில் இல்லை.

பெற்றோர்கள் கொதித்தார்கள். 2014 ஜனவரிக் கூட்டம் ரகளையில் முடிந்த பிறகு, ஆலோசனை போர்டின் கூட்டங்களுக்கு வருவதையே நிறுத்திவிட்டார் ஆண்டர்சன். மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்தார்கள். 2015 பிப்ரவரியில் சில மாணவர்கள் அவருடைய அலுவலகத்துக்குள்ளேயே நாள்கணக்கில் உட்கார்ந்துவிட்டார்கள்.

ஓப்ரா மேடையில் இருந்தவர்களும் கலைந்து போயிருந்தார்கள். புக்கர் 2013-ல் செனட்டராகி வாஷிங்டன் போய்விட்டார். 2014 மே மாதம் புதிய மேயராக ஜெயித்தவர் ராஸ் பராகா. அவர் யார் தெரியுமா? நெவார்க்கின் சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளியின் முதல்வர்! இந்தச் சீர்திருத்தத்தை எதிர்த்துத்தான் பிரசாரம் செய்தார். 2015-ல் ஆண்டர்சன் பதவி விலகினார்.

இங்கே ஒரு விஷயம். பணக்காரர்கள் போர்டில் இருப்பதே தவறு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆற்றைத் தாண்டினால் நியூயார்க்கின் ஹார்லெம். அங்கே 'ஹார்லெம் சில்ட்ரன்ஸ் ஸோன்' அமைப்பின் போர்டுக்குத் தலைவராக இருந்தவர் ஸ்டான்லி டிரக்கன்மில்லர், வால் ஸ்ட்ரீட்டின் பெரும்புள்ளி. ஆனால் அமைப்பை நடத்தியவர் ஜெஃப்ரி கனடா. ஏழ்மையான தெற்கு பிராங்க்ஸில் வளர்ந்தவர், 1983-லேயே அந்த அமைப்பில் சேர்ந்தவர். 1997-ல் 24 தெருப் பகுதிகளில் தொடங்கி, மெல்ல மெல்லத்தான் விரித்தார். தெருவைத் தெரிந்தவர் திட்டம் போட, பணம் உள்ளவர் கணக்குக் கேட்டார்.

அங்கேயும் வலி உண்டு. அவர்கள் நடத்திய புதிய பள்ளியில் மதிப்பெண்கள் தேறவில்லை என்று போர்டு நெருக்கியது. கடைசியில், 2007-ல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் 'இங்கே உங்களுக்கு உயர்நிலைப் பள்ளி இல்லை, வேறு இடம் பாருங்கள்' என்று கனடாவே சொல்ல வேண்டி வந்தது. அது சரியான முடிவா என்பதில் இன்றுவரை இரண்டு கருத்து உண்டு. ஆனால் அதைச் சொல்லப் பிள்ளைகளின் எதிரில் வந்து நின்றது, அவர்களுக்குப் பல வருடம் தெரிந்த முகம்.

நெவார்க்கில் எதுவுமே தேறவில்லை என்பதும் சரியல்ல. 2017-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்தார்கள். முதல் வருடங்களில் சரிவு. 2016 வாக்கில் மாணவர்களின் ஆங்கில முன்னேற்றம் முன்பைவிடக் கூடியிருந்தது. கணிதத்தில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை. (ஆய்வுக்குப் பணம் கொடுத்தது ஜுக்கர்பெர்க் தம்பதியின் அமைப்பு என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.)

ஜுக்கர்பெர்க்கும் பாடம் கற்றுக்கொண்டதாகவே சொன்னார். ஒரு ஊருக்கு என்ன வேண்டும் என்பதை அங்குள்ள குடும்பங்கள், ஆசிரியர்கள், மக்கள் பிரதிநிதிகளிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது முக்கியம் என்று 2015 நவம்பரில் தன் ஃபேஸ்புக் பக்கத்தில் எழுதினார். அதற்கு முந்தைய வருடமே அவரும் மனைவி பிரிசில்லா சானும் சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரப் பள்ளிகளுக்கு 12 கோடி டாலர் அறிவித்திருந்தார்கள். அந்த முறை ஓப்ரா மேடை இல்லை.

கையில் மீதமிருந்த பணத்தில் 1 கோடியே 25 லட்சம் டாலர், 2015 டிசம்பரில் மேயர் பராகா கேட்ட திட்டங்களுக்கு ஒதுக்கப்பட்டது. நகரின் தெற்குப் பகுதிப் பள்ளிகளில் பாடத்தோடு மருத்துவம், குடும்பத்துக்கான உதவிகளையும் சேர்த்துக் கொடுப்பது அதில் முக்கியமானது. 2016-ல் அறக்கட்டளை மூடப்பட்டது.

2018-ல், 23 வருடங்களுக்குப் பிறகு, பள்ளிகளின் பொறுப்பு மாநில அரசிடமிருந்து மீண்டும் ஊர் போர்டின் கைக்கு வந்தது. அவர்கள் தேர்ந்தெடுத்த முதல் சூப்பரின்டென்டென்ட் ரோஜர் லியோன், நெவார்க் அரசுப் பள்ளியில் படித்தவர். அந்த போர்டு உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது. நாற்காலிக்கு விலையும் கிடையாது, ஓட்டு வாங்கினால் போதும்.

2024-ல் நெவார்க் நகர மன்றம் இன்னொரு படி போனது. பள்ளி போர்டு தேர்தலில் 16, 17 வயதுப் பிள்ளைகளும் ஓட்டுப் போடலாம் என்று சட்டம் கொண்டுவந்தது. 2025 ஏப்ரலில் அவர்கள் முதல் முறையாக வாக்களித்தார்கள். ஓப்ரா நிகழ்ச்சியில் அந்த 10 கோடி டாலர் அறிவிக்கப்பட்டபோது அவர்களுக்கு ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள் இருக்கும்.