கைகுலுக்கும் கப்பல்கள்! கண்ணீரில் கரையோரம்!

இந்தியக் கப்பற்படையும் இலங்கைக் கப்பற்படையும் கூட்டுப் பயிற்சி நடத்துகின்றன. 'ஸ்லினெக்ஸ்' என்பது அதற்கு இட்ட பெயர். 2005-இல் துவங்கிய ஏற்பாடு. 2024 டிசம்பரில் விசாகப்பட்டினத்திலே கூடினர். 2025 ஆகஸ்டில் கொழும்பிலே கூடினர்.

கூடாது என்று கூறினோமா? இல்லை! அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017-இல் 99 ஆண்டுக் குத்தகையாகச் சீன நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. அதன் பிறகு அண்டை நாட்டை அணைத்துக்கொள்ள டில்லி துடிப்பதன் காரணம் நமக்குப் புரியாததல்ல.

விசாகப்பட்டினம் வந்த இலங்கைக் கப்பலின் பெயர் 'சயுர'. அதன் பூர்வீகம் தெரியுமா? அதே விசாகப்பட்டினத்திலே கட்டப்பட்டு, 'சரயு' என்ற பெயரோடு இந்தியக் கொடி தாங்கி உலவி, 2000-இல் இலங்கைக்குத் தரப்பட்ட கப்பல்! பிறந்த வீடு வந்த பெண்ணுக்குத் தடபுடல் வரவேற்பு!

விருந்து முடிந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. 2025 ஜனவரி 28 விடியற்காலை, நெடுந்தீவு அருகே, 13 மீனவர் இருந்த படகின்மீது இலங்கைக் கப்பற்படையின் குண்டு பாய்ந்தது. இருவருக்குப் படுகாயம். தற்செயல் என்றது கொழும்பு. கண்டனம் என்றது டில்லி. இந்தியப் படகுகளின்மீது சுடுவதில்லை என்று 2008 அக்டோபரில் இரு சர்க்காரும் ஒப்புக்கொண்டனவே, அந்த வாக்கு எந்தக் கடலிலே மூழ்கிற்று?

மறுபக்கத்தையும் மறைக்கமாட்டோம். நம் விசைப்படகுகளின் இழுவைமடி, கடலின் அடிமடியையே வழித்தெடுக்கிறது. போரிலே அனைத்தையும் பறிகொடுத்து மீண்டும் வலை பிடித்த வடஇலங்கை மீனவனின் வயிற்றிலும் அது அடிக்கிறது. அங்கே வலையை இழப்பவனும் தமிழன்; இங்கே படகை இழப்பவனும் தமிழன்! இழுவைமடியை விட்டு ஆழ்கடல் செல்லலாம் என்று 2017-இல் திட்டம் வகுத்தார்கள். கடன் சுமக்கும் தோள் மீனவனுக்கு இருக்கிறதா என்று பார்த்தார்களா?

நாம் கேட்பது அதிகமல்ல. நடுக்கடலில் தத்தளிப்போரைத் தேடி மீட்க இரு படைகளும் ஒத்திகை பார்க்கின்றன. அந்த ஒற்றுமை பாக் நீரிணையிலே ஏன் இல்லை? எல்லை தாண்டிய ஏழைப் படகைச் சுடாமல் திருப்பி அனுப்பும் முறையை அடுத்த பயிற்சியிலே சேருங்கள். இருகரை மீனவரையும் ஒரே மேசையில் அமர்த்துங்கள். ஆழ்கடல் படகுக்கான செலவில் இன்னும் பெரும்பங்கைச் சர்க்கார் ஏற்கட்டும்.

கப்பல்கள் கைகுலுக்கட்டும், மகிழ்வோம். கடலுக்குப் போனவன் கரை திரும்பட்டும், அப்போதுதான் அதை நட்பு என்போம்!