முதல் பத்து நாட்கள்: கஞ்சாவை விட்ட பிள்ளைக்கு வீடு செய்ய வேண்டியது என்ன?

சேலம் சந்திப்பு ரயில் நிலையம் எங்கள் சூரமங்கலத்தில்தான் இருக்கிறது. தன்பாத்திலிருந்து ஆலப்புழை செல்லும் விரைவு ரயில் இங்கே நின்றுதான் போகும். அந்த ரயிலின் பொதுப் பெட்டியில், கேட்பாரற்றுக் கிடந்த பையில் கஞ்சா பிடிபட்டது என்ற செய்தியைப் படிக்காத சேலத்துக்காரர் இருக்க மாட்டார். ஆந்திர, ஒடிசா எல்லை மலைகளில் விளைவது காட்பாடி, ஜோலார்பேட்டை வழியாக வந்து இங்கே இறங்குகிறது. இல்லாவிட்டால் ஈரோடு, கோவை தாண்டிக் கேரளத்துக்குப் போகிறது.

அரசு சும்மா இருக்கவில்லை. 2022 மார்ச் இறுதியில் காவல்துறை ‘கஞ்சா வேட்டை 2.0’ என்று ஒரு மாத நடவடிக்கை எடுத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் பள்ளி, கல்லூரி மாணவர்கள் போதைக்கு எதிராக உறுதிமொழி எடுத்தார்கள். இவையெல்லாம் தேவைதான். ஆனால் ரயிலில் பை பிடிபடுவதோடு செய்தி முடிந்துவிடுகிறது. ஏற்கெனவே பழகிவிட்ட பிள்ளைக்குச் சரக்கு கிடைக்காத வாரத்தில், அல்லது அவனாகவே விட நினைக்கும் வாரத்தில், வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று யாரும் பேசுவதில்லை.

ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் ஒரு தாய் தண்ணீர் பாட்டிலோடு வந்து நின்றார். “ஹஜ்ரத், பையனுக்கு யாரோ செய்வினை வெச்சிருக்காங்க. நாலு நாளா தூக்கம் இல்லை, சோறு இறங்கலை. தொட்டதுக்கெல்லாம் எரிஞ்சு விழறான். ராத்திரி வேர்த்துக் கொட்டுது. கெட்ட கனவா வருதுன்னு கத்தறான். ஓதித் தாங்க” என்றார். நானும் ஓதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். ஒரு வாரம் கழித்து வந்து, “இப்ப நல்லாயிட்டான் ஹஜ்ரத்” என்றார். அவர் முகத்தில் மட்டும் மகிழ்ச்சி இல்லை. மெதுவாக விசாரித்தபோது அழுதுவிட்டார். பையன் கஞ்சாவை விடப்போகிறேன் என்று தாயிடம் சத்தியம் செய்த நான்காம் நாள்தான் அவர் முதலில் என்னிடம் வந்திருக்கிறார். அவன் படும் பாட்டைப் பார்க்க முடியாமல், ஆறாம் நாள் அவரே காசு எடுத்துக் கொடுத்திருக்கிறார். ‘நல்லாயிட்டான்’ என்றதற்கு அர்த்தம் அதுதான்.

அன்று எனக்கு விவரம் தெரிந்திருந்தால், “அம்மா, இது செய்வினை இல்லை. உடம்பிலிருந்து நஞ்சு இறங்கும்போது வரும் வேதனை. இன்னும் சில நாள் பொறுத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லியிருப்பேன். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

உடம்புக்குள் நடப்பது

கஞ்சாவில் போதை தருவது டிஎச்சி என்ற வேதிப்பொருள். அது கொழுப்பில் கரையக்கூடியது. அதனால் உடம்பின் கொழுப்பில் தங்கி, மெதுவாகத்தான் வெளியேறும். பல காலம் தினமும் புகைத்தவரின் சிறுநீரில் நிறுத்தி ஒரு மாதம் ஆன பிறகும் அதன் தடயம் தெரியலாம்.

புகைத்த சில நிமிடங்களில் நாடித்துடிப்பு கூடுகிறது. இதய நோய் உள்ளவருக்கு இது ஆபத்து. தொடர்ந்து புகைத்தால் நாள்பட்ட இருமலும் சளியும் வருகின்றன. நினைவாற்றலும் கவனமும் குறைகின்றன. பல ஆண்டுகள் புகைத்தவர்களில் சிலருக்கு அடக்க முடியாத வாந்தி வருகிறது. வெந்நீரில் குளித்தால் மட்டும் கொஞ்சம் அடங்கும். 2004-ல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் இதைத் தனி நோயாகப் பதிவு செய்தார்கள். வயிற்றுக்கு எத்தனை ஸ்கேன் எடுத்தாலும் காரணம் தெரியாது. கஞ்சாவை நிறுத்தினால்தான் நிற்கும்.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து மனநிலைக்குத்தான். மனித மூளை சுமார் 25 வயது வரை வளர்கிறது. ஸ்வீடனில் ராணுவத்துக்கு எடுக்கப்பட்ட சுமார் 45,000 இளைஞர்களைப் பல ஆண்டுகள் கவனித்து 1987-ல் ஓர் ஆய்வு வெளியானது. 50 தடவைக்கு மேல் கஞ்சா பயன்படுத்தியவர்களுக்கு மனச்சிதைவு நோய் வரும் வாய்ப்பு, பயன்படுத்தாதவர்களைவிட 6 மடங்கு இருந்தது. அந்த நோய் வந்துவிட்டால் கஞ்சாவை நிறுத்தினாலும் போகாமல் இருக்கலாம். ‘வயசுக் கோளாறு, கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்’ என்று தள்ளிப்போடுவது எவ்வளவு பெரிய தவறு என்று பாருங்கள்.

விட்டால் என்ன ஆகும்?

நிறுத்திய ஓரிரு நாளில் வேதனை தொடங்கும். எரிச்சல், பதற்றம், பசியின்மை, தூக்கமின்மை, வியர்வை, தலைவலி, பயங்கரக் கனவுகள். முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போகும். இரண்டு வாரத்தில் பெரும்பாலும் தணியும். தூக்கம் சீராக மட்டும் இன்னும் சில வாரம் பிடிக்கலாம்.

2012-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு நமக்கு நம்பிக்கை தருகிறது. தினமும் கஞ்சா புகைத்தவர்களின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். டிஎச்சி போய் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் மூளையின் சில பகுதிகளில் சுமார் 20 சதவீதம் குறைந்திருந்தன. சுமார் 4 வாரம் புகைக்காமல் இருந்தபின் மீண்டும் பார்த்தபோது அவை பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பியிருந்தன.

நான்கு வாரம் என்றதும் நமக்கு ரமலான் நினைவுக்கு வரும். ஆனால் பகலெல்லாம் நோன்பிருந்து, தராவீஹ் நேரத்தில் நண்பர்களோடு ஒதுங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களின் மூளைக்கு இந்த ஓய்வு கிடைப்பதே இல்லை. முழுமையாக விட்டால்தான் பலன்.

‘செடிதானே, குர்ஆனில் பெயர் இல்லையே?’

இளைஞர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி இது. போதை தரும் அனைத்தும் ஹராம் என்பது நபி (ஸல்) அவர்களின் தெளிவான வழிகாட்டல். அதில் திரவம், செடி என்ற பாகுபாடு இல்லை. ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் ஸர்கஷீ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 8-ஆம் நூற்றாண்டிலேயே ஹஷீஷ் ஹராம் என்பதை விளக்கித் தனி நூல் எழுதினார்கள். இது நேற்று வந்த கேள்வி அல்ல.

பெரியவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. மது அருந்தியதற்காகப் பலமுறை தண்டிக்கப்பட்ட ஒருவரை ஒரு தோழர் சபித்தபோது, நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்றார்கள். பாவத்தை வெறுத்தார்கள், மனிதரைத் தள்ளிவிடவில்லை. ‘ஜமாஅத்தை விட்டு நீக்குவோம்’ என்று நாம் மிரட்டும் பையன் அடுத்து யாரிடம் போவான்? பொட்டலம் விற்பவனிடம்தான் போவான்.

போலீஸ் வருமா?

ஆஸ்பத்திரிக்குப் போனால் வழக்கு வரும், பிள்ளையின் வாழ்க்கை போய்விடும் என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் விற்பவனையும் அடிமையானவனையும் ஒன்றாகப் பார்க்கவில்லை. 20 கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு, அதற்குக் குறைந்தது 10 ஆண்டு சிறை. ஆனால் பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்டவர், தானே முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில் சிகிச்சையை முடித்தால், அந்த வழக்கிலிருந்து விலக்குப் பெறப் பிரிவு 64ஏ வழி செய்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி நோயாளியின் விவரத்தை ரகசியமாக வைத்திருப்பது மருத்துவமனையின் கடமை.

நம் வீட்டில் மட்டும் நடப்பது என்றும் எண்ண வேண்டாம். எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி, கஞ்சா வகைகளால் பாதிக்கப்பட்டு உதவி தேவைப்படுவோர் இந்தியாவில் சுமார் 72 லட்சம் பேர்.

வீடும் மஹல்லாவும் செய்ய வேண்டியவை

முதல் இரண்டு வாரம் பிள்ளையின் கையில் பணம் தராதீர்கள், தனியாகவும் விடாதீர்கள். வழக்கமாகப் புகைக்கும் நேரத்தில் யாராவது கூட நடக்கட்டும். சோறு இறங்காவிட்டால் கஞ்சி, மோர், பழம் கொடுங்கள். எரிந்து விழுந்தால் பதிலுக்குக் கத்தாதீர்கள். அந்த நாட்களில் நோயே அவனைப் பேச வைக்கிறது. கஞ்சாவை விட்டு பீடியைத் தொடர்ந்தால் திரும்பச் சறுக்குவது எளிது, ஆகவே இரண்டையும் சேர்த்து விடச் சொல்லுங்கள்.

காதில் குரல் கேட்கிறது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்றாலோ, சாவதைப் பற்றிப் பேசினாலோ, அன்றே மருத்துவரிடம் போங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண் 14446, மனநல ஆலோசனைக்கு 14416. கஞ்சா ஆசையை அறுக்கும் தனி மாத்திரை இன்னும் இல்லை. தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் மருந்து தந்து, ஆலோசனையால்தான் மீட்கிறார்கள். தனியார் மறுவாழ்வு இல்லம் என்றால் அரசு உரிமம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே சேருங்கள். கட்டிவைத்து அடிப்பது சிகிச்சை அல்ல.

ஜமாஅத் நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள். ஊரறிய விசாரணை வேண்டாம். ரகசியம் காக்கும் இரண்டு பெரியவர்களை நியமியுங்கள். ஆஸ்பத்திரிக்குக் கூடப் போகவும், ஆட்டோ கட்டணம் தரவும், அந்தப் பத்து நாள் இரவில் தாயோடு மாற்றி மாற்றி விழித்திருக்கவும் ஆள் இருந்தால் போதும்.

அந்தத் தாயின் மகன் இரண்டாம் முறை முயன்றபோது, அவன் மாமா மெக்கானிக் கடைக்கு விடுமுறை போட்டுவிட்டு வந்து கூடவே படுத்துக்கொண்டார். நான் இம்முறையும் தண்ணீரில் ஓதிக் கொடுத்தேன். கூடவே மருத்துவமனைக்கும் போனேன். அல்லாஹ் நாடினால் அவன் நிலைத்திருப்பான். உங்கள் தெருவில் இன்று நான்காம் நாளில் துடித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கும் அப்படி ஒரு மாமா கிடைக்கட்டும். அல்லாஹ் நம் பிள்ளைகளைக் காப்பானாக. ஆமீன்.