யார் கொடுத்த சீட்?

மே, ஜூன் வந்தால் புனேயில் எங்கள் கிளையில் கல்விக் கடன் கூட்டம்தான். போன வாரம் ஒரு மராட்டிக்காரர், சின்னதாக ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர், வீட்டுப் பத்திரத்தோடு வந்தார். பையனுக்கு ஆஸ்திரேலியாவில் 'யூனிவர்சிட்டி சீட்'. கடிதத்தை வாங்கிப் பார்த்தால், முதல் வருஷம் யூனிவர்சிட்டியிலேயே இல்லை. அதோடு இணைந்த பாத்வே கல்லூரியில் டிப்ளமா! மனுஷனுக்கு அதுவரை தெரியாது. ஏஜென்ட் சொல்லவில்லையாம். (சொல்வாரா என்ன?)

இந்தக் கல்லூரிகள் ஏமாற்று வேலை என்று நான் சொல்ல வரவில்லை. பெர்த்தில் எடித் கோவன் பல்கலைக்கழகத்தோடு இணைந்து 1994-லேயே இப்படி ஒன்று ஆரம்பித்துவிட்டார்கள். பன்னிரண்டாவதில் மார்க் குறைந்த பிள்ளைக்கு முதல் வருஷப் பாடத்தையே சின்ன வகுப்பில் வைத்து நடத்துகிறார்கள். தேவையான மார்க் எடுத்தால் நேரே இரண்டாம் வருஷம். பி.காமில் அக்கவுண்டன்சியோடு முட்டி மோதிய எனக்கு அப்படி ஒன்று கிடைத்திருந்தால் கும்பிட்டு வாங்கியிருப்பேன்.

அந்த 'தேவையான மார்க்'தான் இடிக்கிறது. ஒரு பேப்பர் போனால் மறுபடி ஃபீஸ் கட்டணும், படிப்பும் நீளும். இங்கே வட்டி அதுபாட்டுக்கு ஓடும். 7.5 லட்சம் தாண்டினால் அரசு வங்கிகளில் பொதுவாக ஈடு கேட்போம். ஈடு என்றால் அநேகமாகக் குடியிருக்கிற வீடு.

எத்தனை மார்க் வேணும், ஃபெயிலானால் எவ்வளவு செலவு என்று கல்லூரியிடமே எழுதி வாங்கி வரச் சொன்னேன். பிசினஸ் போகிறதே என்று மேனேஜர் முறைத்தார். அவர் பத்திரத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். இன்னும் வரவில்லை.