மாடு விற்ற தாவணியில் மண் விற்பனை!

மாடு கூடிய தாவணியில் இன்று மனைத்தரகர் கூடுகின்றனர்! 1999இல் பேருந்து நிலையமும், 2004இல் உலகனேரியில் உயர்முறைமன்றக் கிளையும் மக்கள் வரிப்பணத்தால் எழுந்தன. ஏறிய நிலவிலையோ தரகர் மடியில்! 'அவென்யூ' என்றும் 'சிட்டி' என்றும் பலகை வேறு. விற்பது தமிழ்மண், பெயர் மட்டும் பிறமொழி!

முப்பது இலக்கத்துக்கு மனை வாங்கும் ஆசிரியன், முத்திரைத்தீர்வை நூற்றுக்கு 7, பதிவுக்கட்டணம் 2 என 2,70,000 உருபா அரசுக்கு அளந்த பின்னரே செங்கல்லை நினைக்கவியலும். 2023இல் பதிவுக்கட்டணத்தை 4இலிருந்து 2ஆகக் குறைத்த அரசு, கூடவே வழிகாட்டி மதிப்பை ஏற்றிவிட்டது. இதற்குப் பெயர் சலுகையாம்!

ஆள்வோரே, முதல்வீடு வாங்கும் மாத ஊதியக் குடும்பத்துக்கேனும் இத்தீர்வையைப் பாதியாக்குக! வீட்டுவசதி வாரியம் இங்கேயே நிலமெடுத்து, எளிய தவணையில் மனை தருக!