தட்டுற ரிலே மேல தப்பில்ல

செஞ்சிப் பக்கம் பல கிணத்து மேட்டுல ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து பாத்தா, ரிலேவைத் தாண்டி ஒயரை நேரா கொடுத்து வச்சிருப்பாங்க. அதுக்கு 'டைரக்ட்'னு பேரு. ரிலே அடிக்கடி தட்டுது, மோட்டார் நிக்குது, அதனால ரிலேவே வேணாம்னு முடிவு. அது தப்புங்கறதுதான் என் கட்சி. ஆனா தப்பு முழுக்க விவசாயி மேலன்னு பட்டணத்துல யாராவது சொன்னா அதையும் நான் ஒத்துக்க மாட்டேன்.

ரிலே உங்களுக்குப் புதுசு இல்ல. இஸ்திரிப் பெட்டி சூடானதும் 'டக்'னு லைட் அணையுதே, அதே சங்கதிதான். ரெண்டு வேற வேற உலோகத் தகடைப் பிரிக்க முடியாதபடி ஒட்டி ஒரே பட்டையா ஆக்கியிருப்பாங்க. சூடு பட்டா எல்லா உலோகமும் ஒரே அளவா நீளாது. பித்தளை இரும்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நீளும். ஒட்டிக் கிடக்கறதால தனித்தனியா நீள வழியில்ல, பட்டை வளைஞ்சே ஆகணும். நீளாத பக்கத்துக்குன்னே இன்வார்னு ஒரு கலவை இருக்கு, இரும்போட 36 சதவீதம் நிக்கல். 1896-ல அதைக் கண்டுபிடிச்ச கியோம்ங்கறவருக்கு 1920-ல நோபல் பரிசே கொடுத்தாங்க. நாம என்னடான்னா அந்தப் பட்டையைத் தாண்டி ஒயர் போடறோம்.

ரிலேக்குள்ள மூணு பேஸுக்கு மூணு பட்டை. மோட்டார் கிளம்பறப்ப வழக்கத்தைவிட அஞ்சாறு மடங்கு ஆம்ப்ஸ் இழுக்கும். அது சில விநாடிதான், பட்டை சூடேற நேரம் பத்தாது, அதனால கண்டுக்காம விட்டுடும். ஆனா ஒரு பேஸ் போயிட்டா மத்த ரெண்டுலயும் ஆம்ப்ஸ் ஏறி நிக்கும். வோல்டேஜ் இறங்கினாலும் அப்படித்தான். அப்ப பட்டை வளைஞ்சு தள்ளி, மோட்டாரை நிறுத்திடும். திரும்பப் போடணும்னா அது ஆறணும், சில நிமிஷம் பிடிக்கும்.

இந்த சில நிமிஷம்தான் பிரச்சினை. மும்முனை கரண்டு ராத்திரி ரெண்டு மணிக்கு வருது. டார்ச்சைப் பிடிச்சு, பாம்புக்குப் பயந்து வரப்புல நடந்து போய் மோட்டாரைப் போட்டு, வீட்டுக்குத் திரும்பறதுக்குள்ள அது நின்னுடுது. நாலு நாள் இப்படி அலைஞ்சவன் ஒயரை நேரா கொடுக்காம என்ன பண்ணுவான்? அப்புறம் காயில் எரியும். நீர்மூழ்கி மோட்டாருன்னா குழாய் முழுசும் மேல ஏத்தணும். அந்தக் கூலி, வைண்டிங் செலவு, பயிர் தண்ணி இல்லாம காயற நாளு எல்லாம் சேத்துப் பாத்துட்டு, எங்களுக்கு இலவச கரண்டுன்னு பேசுங்க.

எங்க கையில இருக்கறதும் கொஞ்சம் உண்டு. ரிலேல ஆம்ப்ஸ் திருகு இருக்கு, அதை மோட்டார் தகட்டுல போட்டிருக்கற அளவுக்கு வைக்கணும். தட்டக்கூடாதுன்னு கடைசி வரைக்கும் திருகி விடற மெக்கானிக்குங்க உண்டு, அவங்களை விடக்கூடாது. சித்திரை வெயில்ல ராஜகிரிப் பாறை மாதிரி கொதிக்கற தகரப் பெட்டிக்கு மேல ஒரு கூரை போடலாம், சில ரிலே வெறும் வெக்கைக்கே சீக்கிரம் தட்டும்.

மிச்சம் எங்க கையில இல்ல. ஒவ்வொரு டிரான்ஸ்ஃபார்மர்லயும் எத்தனை மோட்டார் கூடிப்போச்சுன்னு எண்ணுங்க. கூடின இடத்துல இன்னொண்ணு வைங்க. வேர்க்கடலை பூ எடுக்கற சமயத்துலயாவது பகல்ல மும்முனை கரண்டு கொடுங்க.