பத்திக்கா, பத்திக் அச்சா? ஹிப்பி நிறங்களின் மறுவரவு

மானிப்பாய், யாழ்ப்பாணப் புடவைக்கடைகளில் சுழல் வட்டங்களும் ஊதா, செம்மஞ்சள் நிறங்களும் கொண்ட உடுப்புகள் மறுபடி தொங்குகின்றன. 1960களின் ஹிப்பி அழகியல் இது. சிலவற்றில் 'பத்திக்' என்ற பெயரும் உண்டு. ஆனால் துணியைத் திருப்பினால் உட்பக்கம் வெளிறிக் கிடக்கிறது. அது இயந்திர அச்சு.

1966 அளவில் சான்பிரான்சிஸ்கோவின் இசை நிகழ்ச்சிச் சுவரொட்டிகளில் வெஸ் வில்சன் போன்றோர் வளைந்து நெளியும் எழுத்துகளையும் மோதும் நிறங்களையும் கொண்டுவந்தார்கள். அந்த நிறங்கள் உடுப்பில் ஏற இரசாயனமும் உதவியது. 1956 இல் பிரித்தானியாவின் ஐ.சி.ஐ. நிறுவனம் வெளியிட்ட புரோசியன் சாயங்கள், கொதிக்க வைக்காமலே பருத்தியில் பிடித்தன. முடிச்சுச் சாயம் வீட்டு வாளிக்குள் வந்தது. சூடான சாயத்தில் மெழுகு உருகிவிடும் என்பதால், பத்திக்குக்கும் இது பெரிய வாய்ப்பு.

அதே காலத்தில் இலங்கையில் ஈனா டி சில்வா, ஓவியர் லக்கி சேனநாயக்க போன்றோருடன் சேர்ந்து பத்திக்கைப் புதுக் கலையாக்கினார். ஜெப்ரி பாவா வடிவமைத்த பெந்தோட்டை கடற்கரை ஹோட்டலின் கூரையை அவரது பத்திக் அலங்கரித்தது. தென்கரைக்கு வந்த வெளிநாட்டவர் இத்தொழிலுக்குச் சந்தையானார்கள். சென்னையருகே 1966 இல் உருவான சோழமண்டலம் ஓவியர் கிராமத்தின் கலைஞர்களுக்கும் பத்திக் விற்பனையே சோறு போட்டது.

இன்று அந்தச் சோற்றில்தான் கைவைக்கப்படுகிறது. ஒவ்வொரு நிறத்துக்கும் மெழுகிட்டு, சாயமிட்டு, உலர்த்தி, கடைசியில் மெழுகை அவித்து எடுக்க வேண்டும். அச்சுக்கு இந்த உழைப்பு இல்லை. 2020 இல் பத்திக்குக்கென இராஜாங்க அமைச்சே அமைத்தார்கள். ஆனால் துணிக்கும் சாயத்துக்கும் இறக்குமதியையே பெரிதும் நம்பியிருக்கும் தொழில் இது. 2022 இல் டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியபோது, அமைச்சின் பெயர்ப்பலகை செலவைக் குறைக்கவில்லை.

வடக்கில் பெண்களுக்கான சுயதொழிற் பயிற்சிகளில் பத்திக்கும் ஒன்று. பயிற்சி முடித்தவர், அச்சுத் துணியின் விலையோடு போட்டியிட முடியாது. அவருக்குத் தேவை இன்னொரு சான்றிதழோ உள்ளூர்ப் பற்றுப் பிரசாரமோ அல்ல. 'கைப்பத்திக்', 'அச்சு' என்று பிரித்துச் சொல்லும் கட்டாய லேபல். பொருட்களின் லேபல் குறித்துப் பணிப்புரை விடுக்கும் அதிகாரம், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு ஏற்கெனவே உண்டு.

அதுவரை வாங்குபவர் துணியைத் திருப்பிப் பார்க்கட்டும். கைப்பத்திக்கில் இரு பக்கமும் நிறம் ஏறியிருக்கும். மெழுகு வெடித்த கோடுகள் ஓரிடத்தில் இருப்பதுபோல் இன்னோரிடத்தில் இரா.