குளிரூட்டிக்கும் ஒரு துப்புரவு நாள்

ஆண்டுக்கொரு முறை கிணறு இறைத்துச் சேறு வாருவதும், உக்கிய வேலியைப் பிரித்து அடைப்பதும் யாழ்ப்பாணத்தில் எவரும் சொல்லித்தர வேண்டாத இல்லறக் கடமைகள். அண்மையில் நம் வீடுகளிற் புகுந்த குளிரூட்டிக்கோ அத்தகைய மரபு இன்னும் அமையவில்லை. சுவர் நனைந்தாலன்றி அதனை நாம் ஏறிட்டும் பார்ப்பதில்லை.

இப்பொறி குளிரை உண்டாக்குவதன்று. அறையின் வெப்பத்தை வாங்கி வெளியே கொண்டுபோய்க் கொட்டுவது. காற்றின் வழியைத் தூசி அடைத்தால், அதே குளிர்ச்சிக்குப் பொறி நெடுநேரம் உழைக்க வேண்டும். 2022இல் மின்கட்டணம் உயர்ந்த பின் அந்த உழைப்பின் விலையை எல்லோரும் அறிவோம்.

முதலிற் கழுவ வேண்டியது வடிகட்டும் வலை. பிரதான ஆளியை நிறுத்தி, முன்மூடியைத் திறந்து, வலையைக் கழற்றி நீரிற் கழுவுக. நிழலில் நன்கு உலர்ந்த பின்னரே மாட்டுக. நாள்தோறும் இயங்கும் பொறிக்கு இரண்டு கிழமைக்கொரு முறை இது நன்று. சோளகம் புழுதி வாரியிறைக்கும் மாதங்களில் இன்னும் அடிக்கடி வேண்டும்.

அடுத்தது நீர் வழி. 1902இல் வில்லிஸ் கரியர் வகுத்த பொறி, அமெரிக்காவின் புரூக்ளினில் இருந்த ஓர் அச்சகக் காற்றின் ஈரத்தை அடக்குவதற்கே எழுந்தது. இன்றும் காற்றின் ஈரம் குளிர்ந்த குழாயிற் பட்டு நீராகி, தட்டில் விழுந்து வெளியேறுகிறது. வெளிக்குழாயிற் சொட்டுதல் நின்றால் வழி அடைபட்டதோ எனப் பார்க்க வேண்டும். அந்நீர் குடிக்க ஆகாது, பூஞ்செடிக்கு ஆகும்.

கடலோர ஊர்களில் உப்புக்காற்று வெளிப்பெட்டியின் அலுமினியத் தகடுகளை அரிக்கும். மின்னை நிறுத்தி, நன்னீரை மெல்ல வார்த்துக் கழுவலாம். உவர்க்கிணற்று நீர் உப்பின்மேல் உப்பையே சேர்க்கும். பெட்டியைத் திறத்தல் மட்டும் வேண்டாம். ஆளியை நிறுத்திய பின்னும் உள்ளே மின்னேற்றம் தங்கியிருக்கக்கூடும். அது தொழில் தெரிந்தவர் பணி.

"வாயு தீர்ந்துவிட்டது" என்று அவர் சொன்னால், கசிவு எங்கே என்று கேளுங்கள். மூடிய குழாயுட் சுழலும் வாயு எரிந்து தீர்வதன்று. கசிவை அடைக்காமல் ஆண்டுதோறும் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதே.

குளிரூட்டி பல வீடுகளில் முதியோரும் குழந்தைகளும் துயிலும் அறையிலேயே இருக்கிறது. யன்னல் அடைத்த அவ்வறையில் இரவு முழுதும் அவர்கள் சுவாசிப்பது அந்த வலையூடாக வந்த காற்றையே. மாணவர்களே, வலை கழுவும் பொறுப்பை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். அரைமணி நேரம் போதும்.